பற்று நோட்டும் ரொக்கமும்: உள்ளூர்க் கடைகளையும் கைத்தொழில்களையும் நியாயமாக ஆதரிப்பது எப்படி

மாதத்தின் இருபதாம் தேதியைத் தாண்டியதும் தெருமுனை மளிகைக் கடையின் பற்று நோட்டில் நம் பெயருக்குக் கீழே வரிகள் கூடத் தொடங்குகின்றன. சம்பளம் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையோ, குடும்பத்தோடு பேரங்காடிக்குப் போய் மாதச் சாமான் முழுவதையும் ரொக்கத்துக்கு வாங்கி வருகிறோம். கடன் ஒரு கடைக்கும் ரொக்கம் இன்னொரு கடைக்கும் போகும் இந்தப் பழக்கத்தை நானும் பல ஆண்டுகள் யோசிக்காமலே செய்துவந்தேன். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது, எங்கள் தெருவில் கூலி நின்றுபோன வீடுகளுக்கு அரிசியும் பருப்பும் எண்ணெயும் தொடர்ந்து கிடைத்தது அந்தப் பற்று நோட்டால்தான் என்பதைக் கண்ணால் பார்த்த பிறகே, என் பணம் எந்தக் கடைக்கு, எந்த நாளில், எந்த வடிவில் போகிறது என்று கணக்கெடுக்கத் தொடங்கினேன்.

மதுரையைப் போன்ற ஒரு நகரில் வாழும் குடும்பமும் குடியிருப்போர் சங்கமும் சிறிய அலுவலகமும் தங்கள் செலவைச் சிறுதொழில்களுக்கு உண்மையாகவே பயன்படும்படி எப்படி மாற்றிக்கொள்ளலாம் என்பதை இங்கே எழுதுகிறேன். உள்ளூரில் வாங்குங்கள் என்று பொதுவாகச் சொல்வது எளிது. பணத்தை எப்போது கொடுப்பது, எவ்வளவு முன்கூட்டிச் சொல்வது, பதிலுக்கு எதைக் கேட்பது என்பவற்றில்தான் ஒரு சிறு கடையின் வாழ்வும் தாழ்வும் அடங்கியிருக்கின்றன.

முதலில் ஒரு மாதக் கணக்கு

ஒரு மாதத்துக்கு வீட்டுச் செலவுகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். தொகைக்கு எதிரே கடையின் பெயரை எழுதுவதோடு நிறுத்தாமல், அந்தப் பொருளைச் செய்தவர் யார், எந்த ஊரில் செய்தார் என்பதையும் தெரிந்த அளவுக்கு எழுதுங்கள். இரண்டு வாரத்திலேயே ஒன்று புலப்படும். தெருமுனைக் கடையில் வாங்கினாலும், உறைகளில் அடைத்து வரும் சோப்பு, பிஸ்கட், பற்பசை போன்றவற்றின் விலையில் அந்தக் கடைக்காரரிடம் தங்குவது சில ரூபாய்தான். மீதி, பொருளைத் தயாரிக்கும் பெருநிறுவனத்துக்கும் அதன் விநியோகத்துக்கும் விளம்பரத்துக்கும் போய்விடுகிறது. அதே கடையில் மதுரையிலேயே உலர்த்திக் கட்டிய அப்பளத்தையோ பக்கத்துச் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயையோ வாங்கினால், கடைக்காரரின் லாபத்தோடு அப்பளம் இட்டவரின் கூலியும் செக்குக்காரரின் வருமானமும் ஊருக்குள்ளேயே சுற்றுகின்றன. தையல், செருப்புத் தைத்தல், மாவு அரைத்தல், மிதிவண்டி பழுதுபார்த்தல் ஆகியவற்றுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி உழைத்தவரின் கைக்கே போகிறது. ஆகவே கடையை மாற்றுவதற்கு முன்னால் பொருளை மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள்; உள்ளூர் உழைப்பு அதிகம் கலந்த ஐந்தாறு பொருட்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றிலிருந்து தொடங்குங்கள்.

இப்படிக் கணக்குப் பார்க்கும் பழக்கத்துக்கு நம் பக்கத்திலேயே ஒரு பெரிய முன்னோடி இருந்தார். 1892-இல் தஞ்சாவூரில் பிறந்து, இலண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, பின்னர் காந்தியாருடன் சேர்ந்து கிராமத் தொழில்களுக்காக உழைத்து, கடைசி ஆண்டுகளை மதுரையை அடுத்த தே. கல்லுப்பட்டியில் கழித்த ஜே. சி. குமரப்பா, ஒரு பொருளை வாங்குகிறவர் அது செய்யப்பட்ட முறைக்கும் பொறுப்பாளியாகிறார் என்று வாதிட்டார். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவது குற்றம் என்றால், உழைத்தவரை வஞ்சித்துச் செய்த பொருளை விசாரிக்காமல் வாங்குவதும் பிழையே என்பது அவருடைய தர்க்கம். நாம் விசாரித்தறிய முடிகிற தொலைவுக்குள்ளேயே நம் கொடுக்கல் வாங்கலை இயன்றவரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் கூறியதற்குக் காரணமும் இதுவே. எல்லாப் பொருளுக்கும் இன்று இது இயலாது. மருந்துக்கும் கைபேசிக்கும் இந்த அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். உணவு, உடை, பாத்திரம், பரிசுப்பொருள், பழுதுபார்ப்பு ஆகியவற்றில் இயலும்.

பணத்தை எப்போது கொடுக்கிறோம்

சிறு வியாபாரிக்கு எவ்வளவு பணம் வருகிறது என்பதைப் போலவே எந்த நாளில் வருகிறது என்பதும் முக்கியம். இதை விளங்கிக்கொள்ளத் தண்டல் கணக்கைப் பார்க்க வேண்டும். பூ, கீரை, பழம் விற்பவர்களில் பலர் அன்றாட முதலுக்குத் தண்டல்காரரை நம்பியிருக்கிறார்கள். 10,000 ரூபாய்க் கடன் என்று எழுதி, 1,000 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு, 9,000 ரூபாயைக் கையில் கொடுப்பது வழக்கம். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாட்களில் 10,000 ரூபாயைத் திருப்பிக் கட்ட வேண்டும். நாள்தோறும் அசல் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், இந்த வட்டி ஆண்டுக்கு 75 விழுக்காட்டைத் தாண்டுகிறது. காலையில் 900 வாங்கி மாலையில் 1,000 கொடுக்கும் நாள் வட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் விடியற்காலை நான்கு மணிக்குச் சந்தையில் சரக்கெடுக்கப் பணம் தேவைப்படுகிறவருக்கு, அந்த நேரத்தில் பணம் கொடுக்க வேறு யாரும் இருப்பதில்லை.

அந்த இடத்தில் வாடிக்கையாளர்கள் நிற்கலாம். நாள்தோறும் 20 ரூபாய்க்குப் பூவோ கீரையோ வாங்கும் வீடு, மாதத் தொகையான 600 ரூபாயை முதல் தேதியிலேயே முன்பணமாகக் கொடுத்துவிடலாம். ஒரே தெருவில் 15 வீடுகள் இப்படிச் செய்தால் 9,000 ரூபாய் சேர்கிறது. தண்டல்காரர் கையில் கொடுக்கும் அதே தொகை, வட்டியில்லாமல் வியாபாரிக்குக் கிடைத்துவிடுகிறது. இதைத் தொடங்கும்போது முதல் மாதம் பாதித் தொகையை மட்டும் கொடுத்துப் பாருங்கள். வராத நாட்களை அவரும் நீங்களும் ஒரு நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். முன்பணம் கொடுத்ததற்காக விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள். குறைத்தால் அதுவும் வட்டிதான். தெருவியாபாரிகளுக்கென்று 2020-இல் ஒன்றிய அரசு தொடங்கிய பி.எம். ஸ்வநிதி திட்டத்தில் பிணையின்றி வங்கிக் கடன் கிடைக்கும். முதல் கடனை ஒழுங்காகக் கட்டுகிறவருக்கு அடுத்த முறை கூடுதல் தொகை கொடுப்பார்கள். உங்கள் தெருவுக்கு வருகிறவர் அதில் இன்னும் சேரவில்லை என்றால், விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பதும் ஒருநாள் வங்கிக்குக் கூடப் போவதும் நீங்கள் வாங்கும் பத்து முழம் பூவைவிட அவருக்குப் பெரிய உதவி.

மளிகைக் கடையில் பற்று வைப்பது தவறில்லை. இரண்டு ஒழுங்குகளை மட்டும் கடைப்பிடியுங்கள். சம்பளம் வந்த அன்றே, வேறு எந்தச் செலவுக்கும் முன்னால் பாக்கியைத் தீர்த்துவிடுங்கள். பற்று வைக்கும் கடையிலேயே ரொக்கத்துக்கும் வாங்குங்கள். கடைக்காரர் மொத்த வியாபாரிக்குக் கீழமாசி வீதியில் ஒரு வாரத்தில் பணம் கட்ட வேண்டியிருக்க, நாம் 40 நாள் பாக்கி வைத்தால், இடைப்பட்ட நாட்களுக்கு அவர் எங்காவது வட்டிக்கு வாங்கித்தான் சமாளிக்கிறார். கைபேசி வழியே யு.பி.ஐ.யில் பணம் செலுத்துவதால் கடைக்காரருக்குச் சிரமமில்லை. அதற்கான வணிகர் கட்டணம் 2020 ஜனவரி முதல் நீக்கப்பட்டுவிட்டது. கடன் அட்டையைத் தேய்த்தால் ஒரு பகுதி கட்டணமாகப் பிடிக்கப்படும் என்பதால், சிறிய கடையில் அதைத் தவிர்ப்பது நல்லது.

அலுவலகமோ பள்ளியோ நடத்துகிறவர்கள் இந்த விஷயத்தில் மற்றவர்களைவிட அதிகப் பொறுப்புள்ளவர்கள். அச்சகம், சிற்றுண்டிக்காரர், மேசை நாற்காலி செய்து தருபவர், துப்புரவு ஒப்பந்தக்காரர் ஆகியோரின் பில்களை மூன்று நான்கு மாதங்கள் மேசையில் வைத்திருப்பது நம் ஊரில் இயல்பான நடைமுறையாகிவிட்டது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவன மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனத்துக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள்ளும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்களுக்குள்ளும் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டியை மாதந்தோறும் கூட்டுவட்டியாகக் கட்ட வேண்டும். 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரித் திருத்தத்தின்படி, இந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ளவும் முடியாது.

சிறுதொழில் நடத்துகிறவர்களுக்கும் இதில் ஒரு வேலை உண்டு. உத்யம் என்னும், சிறுதொழில்களுக்கான ஒன்றிய அரசின் பதிவு இல்லாதவர்களால் இந்தப் பாதுகாப்பைக் கோர முடியாது. பதிவு இணையத்தில் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது, இடைத்தரகருக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. பதிவு எண்ணைப் பில்லில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். தாமதமானால், இத்தகைய பாக்கி வழக்குகளை விசாரிக்க மதுரை, சென்னை போன்ற இடங்களில் உள்ள வசதியாக்கக் குழுக்களிடம் முறையிடலாம். வாங்கி விற்கும் வணிகர்களுக்கு இந்தத் தாமதக் கொடுப்பனவு விதி பொருந்தாது. பொருளைச் செய்பவர்களுக்கும் சேவை தருபவர்களுக்குமே பொருந்தும் என்பதை நினைவில் வையுங்கள்.

தள்ளுபடியை எப்படி எடைபோடுவது

பெரிய நிறுவனத்தின் தள்ளுபடியைப் பார்க்கும்போது எனக்குத் தூத்துக்குடி நினைவு வரும். 1906-இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவுசெய்து, 25 ரூபாய்ப் பங்குகளாக ஊர் ஊராகப் பணம் திரட்டித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டபோது, அந்த வழியில் ஏற்கெனவே கப்பல் ஓட்டிய ஆங்கிலேயக் கம்பெனி பயணக் கட்டணத்தை ஒரு ரூபாய்க்குக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி அதற்கும் கீழே இறங்கியபோது, ஆங்கிலேயக் கம்பெனி இலவசமாகவே ஏற்றிக்கொண்டு ஆளுக்கொரு குடையும் தருவதாக அறிவித்தது. நட்டத்தை ஆண்டுக்கணக்கில் தாங்க ஆங்கிலேயக் கம்பெனியால் முடிந்தது. 25 ரூபாய்ப் பங்குகளில் நின்ற கம்பெனியால் முடியவில்லை. 1908-இல் வ.உ.சி. சிறைக்குப் போனபின் அது நிலைகுலைந்தது. இலவசக் குடையை வாங்கிக்கொண்டவர்கள் மீது எனக்குக் கோபமில்லை, அவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். இருந்தாலும் போட்டியாளர் மறைந்த பிறகு அந்தக் குடையை யாரும் தரப்போவதில்லை என்பதை அறிந்து வாங்குவது வேறு, அறியாமல் வாங்குவது வேறு.

இன்றைக்கு இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. உங்கள் வீட்டில் தவறாமல் வாங்கும் 20 பொருட்களைப் பட்டியலிட்டு, கிலோவுக்கு அல்லது லிட்டருக்கு என்ன விலை என்பதைப் பேரங்காடியிலும் செயலியிலும் தெருமுனைக் கடையிலும் மூன்று மாதங்கள் குறித்து வாருங்கள். விளம்பரத்தில் வரும் நான்கைந்து பொருட்கள் மலிவாகவும் மற்றவை சமமாகவும் சில கூடுதலாகவும் இருப்பதைப் பார்ப்பீர்கள். பட்டியலில் இல்லாமல் கூடையில் வந்து விழுந்த பொருட்களின் தொகையையும் ஓரமாக எழுதுங்கள். எங்கள் வீட்டில் தள்ளுபடியில் மிச்சமான பணத்தை அந்த ஓரக்கணக்கு விழுங்கிவிட்டது. உண்மையிலேயே விலை வித்தியாசம் பெரிதாக இருக்கும் பொருளைக் கடைக்காரரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அண்ணாச்சி, இந்தப் பருப்பு அங்கே கிலோவுக்கு இவ்வளவு குறைவாக இருக்கிறது என்று சொன்னால், பெரும்பாலும் அவர் வேறு மொத்தக் கடையில் விசாரிப்பார், அல்லது ரகம் வேறு என்று காட்டி விளக்குவார். ஒன்றும் சொல்லாமல் விலகிப்போகும் வாடிக்கையாளரால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. வருமானம் குறைந்த குடும்பம் மலிவாகக் கிடைக்குமிடத்தில் வாங்குவதை யாரும் குறை சொல்லக் கூடாது; இந்த வேண்டுகோள் ஐந்து பத்து ரூபாய் கூடுதலாகத் தாங்க முடிந்தவர்களுக்கானது.

உணவு வரவழைக்கும் செயலிகளிலும் இதே சிக்கல் இருக்கிறது. ஒவ்வோர் ஆர்டரிலும் செயலி எடுக்கும் தரகை ஈடுகட்ட உணவகங்கள் விலையை உயர்த்துகின்றன, அல்லது தங்கள் லாபத்தை இழக்கின்றன. நாமக்கல்லில் உணவக உரிமையாளர்கள் 2025-இல் இதற்காகவே ஒன்றுகூடி, பெரிய செயலிகளிலிருந்து விலகும் முடிவை எடுத்தார்கள். வீட்டிலிருந்து நடக்கும் தொலைவில் உள்ள உணவகத்தின் தொலைபேசி எண்ணைச் சேமித்து வைத்து, நேரே அழைத்துச் சொல்லிவிட்டு, தூக்குச் சட்டியோடு போய் வாங்கி வந்தால், தரகும் மிச்சம், நெகிழி டப்பாவும் மிச்சம்.

பெரிய செலவுகளை ஊருக்குள் திருப்புவது

அன்றாடக் காய்கறியில் மட்டும் கவனம் வைத்துவிட்டு, திருமணத்துக்கும் தீபாவளிக்கும் வரும்போது யோசிக்காமல் செலவழிப்பது பலருடைய வழக்கம். ஒரு நடுத்தரக் குடும்பத்தின் திருமணத்தில் துணி, பாத்திரம், சமையல், பூ, அழைப்பிதழ், தாம்பூலப் பை ஆகியவற்றுக்குச் செலவாகும் தொகை பல ஆண்டுக் காய்கறிச் செலவுக்குச் சமம். ஆதலால் உங்கள் முயற்சியில் பாதியை இந்தப் பெருஞ்செலவுகளில் வையுங்கள்.

சிறு உற்பத்தியாளர்களிடம் பெரிய அளவில் வாங்குவதற்கு முதல் நிபந்தனை கால அவகாசம். தறியில் ஒரு பட்டுச்சேலை நெய்ய நாட்கணக்காகும். மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியில் கொலுப் பொம்மை செய்கிறவர்கள் மண்ணைப் பிசைந்து, அச்சிலிட்டு, உலர்த்தி, சுட்டு, வண்ணம் பூச வேண்டும்; மழை வந்தால் எல்லாம் தள்ளிப்போகும். நவராத்திரிக்கு ஒரு வாரம் முன்னால் போய்க் கேட்பவர் கிடைத்ததை வாங்கி வரலாம். ஆடியிலேயே போய்ச் சொல்லி முன்பணம் கொடுப்பவர், அந்தக் குடும்பம் வண்ணத்துக்கும் மண்ணுக்கும் கடன் வாங்காமல் பார்த்துக்கொள்கிறார்.

ஆர்டரை எழுத்தில் கொடுங்கள். அளவு, எண்ணிக்கை, வண்ணம், கொடுக்கவேண்டிய நாள், விலை, முன்பணம் எவ்வளவு, மீதி எந்த நாளில் என்பவை ஒரே தாளில் இருக்கட்டும். மூலப்பொருளுக்குப் போதும்படி பாதித் தொகையை முன்பணமாகக் கொடுங்கள். ஒரு மாதிரியைச் செய்து காட்டச் சொல்லி, அதற்கும் காசு கொடுத்து, பிறகு மொத்தத்தையும் செய்யச் சொல்லுங்கள். மாதிரியை ஏற்றுக்கொண்ட பின்னால் வண்ணத்தை மாற்றினால் அந்தச் செலவு உங்களுடையது. 500 தாம்பூலப் பைகளை ஒரு மகளிர் சுய உதவிக் குழு பதினைந்து நாளில் தைக்க முடியாது என்று தோன்றினால், இரண்டு மூன்று குழுக்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். ஒரே குழுவின் மீது ஏற்றிவிட்டு, தாமதமானபின் குழுக்களை நம்ப முடியாது என்று சொல்வது நியாயமில்லை. தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989-இல் தருமபுரியில் தொடங்கியவை. இன்று ஊர்தோறும் இருக்கும் இவர்களின் தயாரிப்புகள் ‘மதி’ என்ற பெயரில் விற்பனைக்கு வருகின்றன.

துணி வாங்கும்போது, 1935 முதல் இயங்கும் கோ-ஆப்டெக்ஸ் கடைகளிலும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் சொந்த விற்பனை நிலையங்களிலும் முதலில் பாருங்கள். அங்கே நெசவாளருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் நிற்கும் கைகள் குறைவு. தனியார் கடையில் வாங்கினால் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். மதுரையின் சுங்குடிச் சேலை புவிசார் குறியீடு பெற்றது. சௌராஷ்டிர மக்கள் வளர்த்தெடுத்த அந்தக் கலையில் ஒவ்வொரு புள்ளியும் நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் தோய்க்கப்படுகிறது. அதே பெயரில் அச்சிட்ட துணியும் விற்கிறது, அதை மலிவு விலையில் அறிந்தே வாங்குவதில் தவறில்லை. முடிச்சிட்ட சேலையின் புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை, முடிச்சிருந்த இடத்தில் துணி சற்றே சுருங்கி எழும்பியிருக்கும். அந்த வேலைப்பாட்டுக்கு விலை கேட்கும்போது பேரம் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். விலை குறைந்தால் கடைக்காரர் தன் லாபத்தை விட்டுக்கொடுப்பதைவிட, வீட்டில் உட்கார்ந்து முடிச்சிடும் பெண்ணின் கூலியைக் குறைப்பதே நடக்கும்.

காய்கறிக்கு உழவர் சந்தையைப் போல் வசதியான ஏற்பாடு வேறில்லை. 1999 நவம்பர் 14-இல் மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை திறக்கப்பட்டது. அடையாள அட்டை உள்ள உழவர்களே அங்கே விற்கலாம், கடைக்கு வாடகை கிடையாது, மொத்த விலைக்கு மேலும் சில்லறை விலைக்குக் கீழுமாக அன்றன்றைய விலை பலகையில் எழுதப்படும். விடியற்காலையில் போனால் நல்ல காய் கிடைக்கும். முற்றிய வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துவிட்டுக் குவியலிலேயே போட்டுவிட்டு வராதீர்கள்.

நடைபாதைக் கடைகள்

குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் நடைபாதைக் கடைகளை அப்புறப்படுத்தக் கோரும் தீர்மானம் அடிக்கடி வருகிறது. அதில் கையெழுத்திடும் முன் 2014-ஆம் ஆண்டின் தெருவியாபாரிகள் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு நகரிலும் நகர விற்பனைக் குழு அமைக்கப்பட வேண்டும்; அதில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் தெருவியாபாரிகளே தங்களுக்குள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் தரப்படும் வரை யாரையும் வெளியேற்றக் கூடாது. இடம் மாற்றுவதற்கு 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். நடப்பதற்கு இடம் இல்லை என்ற குறை உண்மையானதுதான். அதற்கு எந்தப் பக்கம், எந்த நேரத்தில், எத்தனை அடி அகலத்தில் கடை போடலாம் என்று வியாபாரிகளையும் கூட்டி வைத்துப் பேசி, அந்த முடிவை விற்பனைக் குழுவுக்கு அனுப்புவதே தீர்வு. குடிதண்ணீரும் கழிப்பறையும் அவர்களுக்குக் கிடைக்க உங்கள் குடியிருப்பு உதவ முடிந்தால் உதவுங்கள். நாளெல்லாம் தெருவில் நிற்கும் பெண் வியாபாரிகள் கழிப்பறை இல்லாததாலேயே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள்.

நாம் கேட்கவேண்டியவை

உள்ளூர்க் கடை என்பதாலேயே அது நியாயமான கடை ஆகிவிடாது. இதை மறைத்துவிட்டு உள்ளூர் வணிகத்தைப் புகழ்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஜவுளிக் கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே வேலை பார்த்துக் கால் நரம்பு சுருண்டுபோன பெண்கள் நம் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். கேரளம் 2018-இல் செய்ததைப் பின்பற்றித் தமிழ்நாடு 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று விதித்தது. கடைக்குள் நுழைந்ததும் இருக்கை இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தும் யாரும் உட்காரவில்லையென்றால் ஏன் என்று முதலாளியிடம் கேளுங்கள். வேலை பார்க்கும் பெண்ணிடம் முதலாளி முன்னிலையில் கேட்காதீர்கள், அது அவருக்கே வினையாகலாம்.

அடுத்தது தேநீர்க் கடை. சாதி பார்த்துத் தனிக் குவளை வைக்கும் கடை, எத்தனை தலைமுறையாக அந்த ஊரில் இருந்தாலும், எத்தனை சுவையான தேநீர் தந்தாலும் ஆதரவுக்கு உரியதன்று. அது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சிறுவர்களை வேலைக்கு வைத்திருக்கும் பட்டறைக்கும் இதுவே என் நிலை. இந்த இரண்டிலும் கடைக்காரர் திருந்தக் காத்திருந்து வாங்கிக்கொண்டே இருப்பதை நான் ஏற்கவில்லை.

மற்றக் குறைகளுக்குப் பொறுமை காட்டலாம். முத்திரையில்லாத தராசு, பில் தர மறுப்பது, அதிகபட்ச விலைக்கு மேல் குளிரூட்டும் கட்டணம் கேட்பது ஆகியவற்றை, கூட்டமில்லாத நேரத்தில் தனியே சொல்லுங்கள். பில் கேட்பதைச் சிலர் நம்பிக்கையின்மையாக எடுத்துக்கொள்வார்கள். கடைக்கு வங்கிக் கடன் வேண்டியிருக்கும் நாளில் விற்பனைக் கணக்கு அவருக்கே பயன்படும் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

சேர்ந்து வாங்குவது

சென்னையில் 1904-இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர்கள் செய்தது, நண்பர்கள் சிலர் சேர்ந்து மளிகைச் சாமானை ஒன்றாக வாங்கிப் பங்கிட்டதுதான். அது இன்றும் கடைகள் நடத்துகிறது. உங்கள் தெருவில் எட்டுப் பத்து வீடுகள் சேர்ந்தால் போதும். அரிசியும் நல்லெண்ணெயும் வெல்லமும் கெடாமல் இருக்கும் பொருட்கள் என்பதால் இவற்றில் தொடங்குங்கள். அரிசியை உழவரிடமோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திடமோ அறுவடை முடிந்த கையோடு மூட்டையாக எடுக்கலாம். எண்ணெயைச் செக்கிலிருந்து, சொந்தத் தகரத்தில். கணக்கை ஒரே ஆள் தொடர்ந்து பார்க்காமல் மூன்று மாதத்துக்கு ஒருவர் என்று மாற்றிக்கொள்ளுங்கள், பணத்தை முன்கூட்டியே வசூலியுங்கள், மூட்டைக் கூலியும் வண்டி வாடகையும் விலையில் சேரட்டும். தெருமுனைக் கடைக்காரரை இதிலிருந்து ஒதுக்கிவிடாதீர்கள். எங்கள் தெருவில் அவருடைய கடையிலேயே மூட்டையை இறக்கி, எடைபோட்டுத் தருவதற்குக் கிலோவுக்கு ஒரு தொகை கொடுக்கிறோம். அவர் மொத்த வியாபாரத்தில் இழப்பதில் ஒரு பகுதி அப்படித் திரும்பி வருகிறது. ஆட்கள் வந்துபோவதால் வேறு சாமானும் விற்கிறது.

முதல் திரட்டுவதற்கும் நம்மிடம் பழைய வழி உண்டு. பேராவூரணி, கீரமங்கலம் பக்கங்களில் ஆடி மாதம் நடக்கும் மொய்விருந்தில் ஒருவருக்கு ஊரே பணம் எழுதுகிறது. அதை முதலாக வைத்துக் கடை வைத்தவர்கள், விவசாயத்துக்குக் கிணறு வெட்டியவர்கள் பலர். வட்டி கிடையாது, ஆனால் எழுதியவரின் முறை வரும்போது கூட்டியெழுத வேண்டும் என்ற கட்டாயம் உண்டு, அதில் சிக்கித் தவித்த குடும்பங்களும் உண்டு. ஆகவே ஒரு சிறு கடைக்கு நண்பர்கள் சேர்ந்து முதல் கொடுப்பதானால், வாங்கிய தொகையே திரும்ப வந்தால் போதும் என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் இழந்தாலும் தாங்கக்கூடிய தொகையை மட்டும் கொடுங்கள். திருப்பிக் கொடுப்பதைப் பணமாகவே கேட்காமல் பொருளாகவும் பெற்றுக்கொள்ளலாம். தையற்கடைக்கு 5,000 ரூபாய் கொடுத்தவர் ஓராண்டில் அந்தத் தொகைக்குத் துணி தைத்துக்கொள்கிறார். வரவு வைத்த தேதி, தைத்த துணி, மீதித் தொகை ஆகிய மூன்றையும் கடையிலேயே தொங்கும் ஒரு நோட்டில் இருவரும் கையெழுத்திட்டு எழுதி வைத்தால், பிறகு மனக்கசப்புக்கு இடமிருக்காது.